திண்ணைத் தோழர்கள் முதல் கல்விச் சகாய நிதி வரை



2020ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி. புனித றமழானின் இறுதி நாட்கள். கொரோனாக் கொள்ளைநோயினால் நாடு முடங்கிக் கிடந்தது. கூலித்தொழிலாளரின் அடுப்புகள் வாரக்கணக்கில் அணைந்து கிடந்தன. கொழும்பு மாளிகாவத்தையில் தனவந்தர் ஒருவர் பணம் பகிர்ந்தளிக்கிறார் என்ற செய்தி பரவியது. ஏழைப் பெண்கள் நூற்றுக்கணக்கில் திரண்டனர். ஏற்பட்ட நெரிசலில் மூன்று பெண்கள் மிதிபட்டு மரணமாகினர். இன்னும் பலர் காயமுற்றனர். அவர்கள் எதிர்பார்த்து நின்ற தொகை ஓரிரு நாள் சமையலுக்குப் போதுமானதே அன்றி அதற்கு மேற்பட்டதன்று.

கொடுக்க நினைத்தவரின் எண்ணத்தை நாம் இங்கு விசாரிக்க வரவில்லை. எண்ணங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் ஒரு கேள்வியை நாம் தவிர்த்துவிட முடியாது. ஏழைகளைத் தெருவில் வரிசையாக நிறுத்திக் கையில் நோட்டைத் திணிக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? நம் முன்னோர் இப்படித்தானா கொடுத்தார்கள்? வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு காட்சி தென்படுகிறது.

மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியின் ஒரு புறத்தே கூரை வேய்ந்த திண்ணை ஒன்று இருந்தது. அதற்கு ஸுப்பா என்று பெயர். வீடும் வாசலும் உறவும் அற்ற வறிய ஸஹாபாக்கள் அதிலே தங்கியிருந்தனர். தமிழில் அவர்களைத் திண்ணைத் தோழர்கள் என்று அழைப்பது வழக்கம். பகலில் சிலர் விறகு பொறுக்கி விற்பர். ஏனைய நேரமெல்லாம் குர்ஆனையும் மார்க்கத்தையும் கற்பர். இன்றைய சொல்லிற் கூறுவதானால் அது ஒரு விடுதிப் பாடசாலை. அதற்குக் கட்டணம் இல்லை. ஆயினும் பசி இருந்தது. அந்தப் பசியை யார் தீர்த்தார்கள் என்பதுதான் இங்கே நாம் கவனிக்க வேண்டியது.

பேரீச்சந் தோட்டம் உடைய அன்ஸாரிகள் அறுவடைக் காலத்தில் தத்தம் வசதிக்கேற்பக் குலைகளைக் கொண்டுவந்து பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே கட்டிய கயிற்றில் தொங்கவிடுவர். பசித்த திண்ணைத் தோழர் வந்து கைத்தடியால் தட்டி விழுந்ததை உண்பார். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. யார் கொண்டுவந்தது என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. இந்த ஏற்பாட்டிலும் ஒரு குறை நேர்ந்தது. நல்லதைக் கொடுக்க மனம் வராத சிலர் வற்றலும் சொத்தையுமான குலைகளைக் கொண்டுவந்து கட்டினர். ஸூறா அல்பகறாவின் 267ஆம் வசனம் அச்சந்தர்ப்பத்திலேயே இறங்கியதாக ஹதீஸ் கிரந்தங்கள் கூறுகின்றன. தமக்குத் தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்க மாட்டாத பொருளைப் பிறருக்குக் கொடுக்கத் தேடாதீர்கள் என்பது அதன் கருத்து. வெள்ளம் வந்த ஊருக்குப் பொத்தான் அறுந்த சட்டைகளையும் ஒற்றைச் சப்பாத்துகளையும் மூட்டை கட்டி அனுப்பிய அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அபூஹுரைரா (றழி) அவர்களும் திண்ணைத் தோழரே. பசியினால் வயிற்றிலே கல்லைக் கட்டிக்கொண்டு வழியில் அமர்ந்திருந்த அவரை நபி (ஸல்) அவர்கள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்கள். வீட்டிலே அன்பளிப்பாக வந்த ஒரு கிண்ணம் பால் மட்டுமே இருந்தது. திண்ணைத் தோழர் அனைவரையும் அழைத்து வரும்படி கட்டளை பிறந்தது. இத்தனை பேர் குடித்தபின் எனக்கு என்ன மிஞ்சும் என்று அபூஹுரைரா (றழி) மனத்துக்குள் வருந்தியதை அவரே மறைக்காமல் அறிவித்திருக்கிறார். எல்லோரும் வயிறாரக் குடித்தனர். பின்னர் அவரும் குடித்தார். எல்லோருக்கும் கடைசியாகவே நபியவர்கள் அருந்தினார்கள். ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை நமக்குச் சுமந்து தந்த அந்த மனிதரைச் சமூகம் அன்று பசியால் ஓடவிட்டிருந்தால் நாம் எதை இழந்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.

பத்ரு யுத்தத்தில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள் மீட்புப்பணம் இல்லாதோர், எழுத்தறிவுடையவராயின், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்து விடுதலை பெறலாம் என்று ஏற்பாடு செய்யப்பட்டதும் நீங்கள் அறிந்ததே. ஒரு சமூகத்தின் கைப்பொருள் மிகவும் சுருங்கியிருந்த காலம் அது. வாளும் குதிரையும் வாங்கப் பணம் தேவைப்பட்ட காலம். அப்போதும் பிள்ளைகளின் எழுத்தறிவுக்கு அதிலே ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது.

ஒருநாள் கொடுத்து மறுநாள் தீர்ந்துபோகும் தருமத்தை நிலைத்திருக்கும் தருமமாக மாற்றியது வக்பு ஏற்பாடு. கைபரிலே தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (றழி) அவர்கள் நபியவர்களின் ஆலோசனைப்படி வக்பு செய்தார்கள். நிலத்தை விற்கவோ அன்பளிக்கவோ வாரிசுரிமையாகப் பிரிக்கவோ இயலாது. விளைச்சல் மட்டும் வறியோருக்கும் உறவினருக்கும் அடிமைகளின் விடுதலைக்கும் வழிப்போக்கருக்கும் விருந்தினருக்கும் செல்லும். மரம் நிற்கும், கனி பகிரப்படும். இந்த எளிய விதியைப் பிடித்துக்கொண்டே பின்வந்த நூற்றாண்டுகளில் வைத்தியசாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் மத்ரஸாக்களும் எழுந்தன. பக்தாதிலே 1234இல் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யாவில் நான்கு மத்ஹபுகளுக்கும் தலா 62 மாணவர்கள் இடம்பெற்றனர். அவர்களுக்குத் தங்குமிடமும் உணவும் மாதம் ஒரு தீனாரும் வழங்கப்பட்டன. ஏழை வீட்டுப் பிள்ளை படிக்க வேண்டுமாயின் பாடத்தோடு சோறும் தரப்பட வேண்டும் என்பதை அன்றைய ஆட்சியாளர் அறிந்திருந்தனர். இது நாம் பிற்காலத்தில் மறந்த பாடங்களுள் ஒன்று.

இனி நமது தீவுக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிகளின் கையில் இருந்தன. பிள்ளைகள் மதம் மாறிவிடுவர் என்று அஞ்சி முஸ்லிம் பெற்றோர் அவர்களை வீட்டிலே வைத்துக்கொண்டனர். அவ்வச்சத்தை முற்றாகக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் விலை கொடுத்தது பிள்ளைகளே. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை அவர்கள் (1838 – 1898) இதனைக் கண்டு மனம் நொந்தவர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, கல்வியின் தேவையை எழுதிக்கொண்டே இருந்தார். எழுத்தோடு நில்லாமல் பாடசாலைகளையும் திறந்தார். பெண் பிள்ளைகளையும் மறக்கவில்லை. எகிப்திலிருந்து 1883இல் இங்கு நாடுகடத்தப்பட்டு வந்த ஒறாபி பாஷாவின் ஊக்கமும், கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டி முடித்த வாப்பிச்சி மரைக்காரின் பொருள்வளமும் அவருக்குத் துணையாயின. ஆதரவின்றித் தளர்ந்த முந்திய முயற்சி ஒன்றின் பின்னர், 1892 ஆகஸ்டில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் பாடசாலை ஒன்று ஆரம்பமாயிற்று. அதுவே பிற்காலத்தில் ஸாஹிறாக் கல்லூரி.

அப்பாடசாலைக்கு அன்று இடப்பட்ட பெயரைச் சற்றுக் கவனியுங்கள்: அல்மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா. கைர் என்றால் நன்மை, தருமம். ஆக, அது 'இஸ்லாமியத் தருமப் பாடசாலை'. இன்று கட்டணம் அதிகமாக அறவிடும் பாடசாலைதான் தரமான பாடசாலை என்று எண்ணும் பெற்றோர் சிலருக்கு அந்தப் பெயர் கூச்சத்தைத் தரலாம். நம் பாட்டன்மார் அதைப் பெருமையாகவே வாசலில் எழுதி வைத்தனர்.

பாடசாலை தொடங்குவது ஒன்று, நின்று நிலைப்பது மற்றொன்று. 1921இல் ரீ.பீ. ஜாயா அவர்கள் அதிபராக வந்தபோது ஸாஹிறாவில் நூறு மாணவர்கூட இருக்கவில்லை. 1948 வரை இருபத்தேழு ஆண்டுகள் அவர் அதனைக் கட்டியெழுப்பினார். கம்பளை, மாத்தளை, அளுத்கமை, புத்தளம் என்று வெளியூர்களிலும் ஸாஹிறாக்கள் தோன்றின. கொழும்பு வணிகர் கொடுத்தனர். அவர்களிடம் சென்று கேட்டவர் ஜாயா. கேட்பதற்குக் கூச்சப்படாத அதிபர்கள் அக்காலத்தில் இருந்தனர் என்று மட்டும் சொல்லி வைக்கலாம். அவர் 1960இல் மதீனாவில் காலமாகி அங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

ஆனால் நான் உங்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புவது கொழும்பின் கதையையன்று. கிழக்கிலே, கடலோரத்திலே, நெல்வயல்களின் நடுவிலே தொடங்கிய கதையை.

1942 ஏப்ரல். இரண்டாம் உலக மகாயுத்தம். 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதற்கு முந்திய மாதமே றங்கூன் வீழ்ந்துவிட்டது. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கைக்கு அரிசி வரும் வழி அடைபட்டது. நெல் விளையும் கிழக்கு மாகாணத்தை நோக்கி அரசாங்கம் திரும்பியது. கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டு, அதற்குப் பொறுப்பாக உதவி அரசாங்க அதிபர் ஒருவர் அனுப்பப்பட்டார். அவருக்கு அப்போது வயது முப்பது. பெயர் ஏ.எம்.ஏ. அஸீஸ்.

இவர் யார்? 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். 1935இல் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவானவர். அச்சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் அவரே. அவர் பிறந்த அதே வண்ணார்பண்ணையில் 1848இல் ஆறுமுக நாவலர் தமது சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அதன் செலவுக்கு வீடு வீடாகப் பிடியரிசியும் சேர்க்கப்பட்டது. பானையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை வேறு கலத்திலே போட்டு வைப்பாள் வீட்டுத்தலைவி. அது சேர்ந்து பாடசாலைக்குப் போகும். எமது ஊர்களிலும் ஓதல் பள்ளிக்கென்று அவ்வாறு எடுத்து வைத்ததை வயதுசென்ற உம்மம்மாமார் சொல்லக் கேட்கலாம். ஒரு பிடி அரிசி குறைந்ததால் எந்த வீட்டிலும் யாரும் பட்டினி கிடந்ததில்லை. அடுத்த சமூகத்தவர் செய்த நல்ல காரியத்தைப் பார்த்துக் கற்பதில் நமக்கு எந்த இழுக்கும் இல்லை. அஸீஸ் அவர்கள் கற்றவர்.

கல்முனைக்கு அவர் வந்த வேலை உணவு உற்பத்தி. காடு வெட்டி வயலாக்குவதற்கு அரச காணிகளைப் பகிர்ந்தளித்தார். கச்சேரிக் கதிரையில் இருந்தபடி கடதாசியில் கையொப்பம் இட்டதோடு அவர் நிற்கவில்லை என்பதற்கு, அவரால் உருவான வயற்கண்டம் ஒன்றை மக்கள் 'அஸீஸ் துரை கண்டம்' என்று அழைத்ததே சான்று. அதிகாரியின் பெயரை விவசாயி தன் வயலுக்கு இட்டழைப்பது இலேசில் நடக்கும் காரியமன்று.

அந்த வயல்களின் வரப்புகளிலேதான் அவருக்கு வேறொரு உண்மை விளங்கிற்று. நாட்டுக்கே நெல் கொடுக்கும் மக்களின் பிள்ளைகள் பாடசாலையின் மேல்வகுப்பை எட்டிப்பார்க்கவில்லை. அறிவுக்குப் பஞ்சம் இல்லை, வாய்ப்புக்குப் பஞ்சம். கல்முனையில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருந்தாலும், ஆங்கிலக் கல்விக்கு அவன் மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். போனால் தங்க வேண்டும், உண்ண வேண்டும், உடுக்க வேண்டும். வாப்பாவோ போகத்துக்குப் போகம் கடன்பட்டு விதைப்பவர்.

அந்நாட்களில் காரைதீவைச் சொந்த ஊராகக் கொண்ட சுவாமி விபுலாநந்தரோடும், காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோடும் அவருக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. விபுலாநந்தர் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் அமைத்து, அநாதைப் பிள்ளைகளுக்கும் ஏழை மாணவருக்கும் இல்லம் நடத்தியவர். அங்கே சோறும் பாடமும் ஒரே வளவில் இருந்தன. அஸீஸ் அவர்கள் அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை ஏற்படுத்தினார். நாடு தழுவிய ஒரு முயற்சிக்கு அது ஒத்திகை போல அமைந்தது எனலாம்.

மூன்று ஆண்டுகளின் பின், 1945 மே மாதம் 19ஆம் திகதி, கொழும்பிலே இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி நிறுவப்பட்டது. வறிய, ஆனால் திறமையுள்ள முஸ்லிம் மாணவர் உயர்கல்வியைத் தொடர்வதற்கு உதவுவதே அதன் நோக்கம்.

இந்தத் திகதியில் ஒரு விசேடம் உண்டு. இளைஞர்கள் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த கல்விக் குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்திருந்தது. அதன் பயனாக 1945 அக்டோபர் முதலாம் திகதியில் இருந்து இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதாவது, இனிப் பாடசாலைக் கட்டணமே இல்லை என்று நாடு மகிழ்ந்திருந்த அதே ஆண்டில், அதற்கு நான்கைந்து மாதங்களுக்கு முன்னர், இந்த நிதி தொடங்கப்படுகிறது. கட்டணமே இல்லாதபோது நிதி எதற்கு என்று கேட்டோர் அன்று இருந்திருக்கலாம். இன்றும் கேட்கிறோம்: எல்லாம் இலவசம்தானே, பிறகு ஏன் இவர்கள் படிக்கவில்லை?

விடை வயல் வரப்பில் கிடந்தது. கட்டணம் ஏழையின் செலவில் ஒரு பகுதி மட்டுமே. படிக்கும் பிள்ளை உழைக்காத பிள்ளை. அவன் மாடு மேய்த்திருந்தால், கடையில் நின்றிருந்தால், கடலுக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கக்கூடிய காசு வராமற்போகிறது. அதற்கு மேலே கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, விடுதிக் காசு. பணக்காரனுக்கு இவை கண்ணிலே படுவதில்லை; ஆகவே இலவசம் என்ற சொல் அவன் காதில் முழுமையாக ஒலிக்கிறது.

அரசாங்கமும் இதனை மெல்ல மெல்லவே ஏற்றுக்கொண்டது. இலவசப் பாடநூல் 1980இல் வந்தது. பல்கலைக்கழக மாணவருக்கான மஹபொல நிதியம் 1981இல் வந்தது. இலவசச் சீருடைத் துணி 1993இல் வந்தது. 1945இற்கும் 1993இற்கும் இடையே கிடக்கும் 48 ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த இடைவெளியில் படித்து மேலே வந்த ஏழைப் பிள்ளைகளின் பின்னால் பெரும்பாலும் யாரோ ஓர் உறவினரோ, ஆசிரியரோ, ஒரு நிதியோ நின்றிருக்க வேண்டும்.

1948இல் அஸீஸ் அவர்கள் சிவில் சேவையைத் துறந்து ஸாஹிறாவின் அதிபரானார். நாட்டின் மிக உயர்ந்த உத்தியோகம் அது; மாவட்டங்களை ஆளும் பதவி. அதனை விட்டுப் பாடசாலைக்கு வந்தமை பலருக்கும் விளங்காத செயலாக இருந்திருக்கும். இக்காலத்தில் நம் வீட்டு மகன் அப்படியொரு முடிவு எடுத்தால் நாம் என்ன சொல்லுவோம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். 1961 வரை அவர் அப்பதவியில் இருந்தார். வெளியூர்களில் இருந்து வந்த எத்தனையோ மாணவருக்கு ஸாஹிறா வாசலைத் திறந்துவிட்டது. முஸ்லிம்களின் பணத்தால் எழுந்த அக்கல்லூரி பிற மாணவரையும் விலக்கவில்லை. தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி அங்கு கற்றவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். இந்துக் கல்லூரியில் கற்ற ஒரு முஸ்லிம், ஸாஹிறாவில் கற்ற ஓர் இந்து. இந்த நாட்டின் வரலாற்றில் இப்படியும் பக்கங்கள் உண்டு.

பெண்கள் கல்வியைப் பற்றி ஒரு வார்த்தை. கல்விச் சகாய நிதி தோன்றிய மறு ஆண்டு, 1946இல், கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி உருவாயிற்று. முன்னின்றவர் வாப்பிச்சி மரைக்காரின் பேரர் சேர் ராசிக் பரீத். பாட்டனார் ஆண் பிள்ளைகளின் பாடசாலைக்குக் கைகொடுத்தார். பேரர் பெண் பிள்ளைகளின் பாடசாலைக்கு. இடையே அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது என்பதும் உண்மையே. அந்தத் தாமதத்தின் சுமையை நமது உம்மாமாரும் உம்மம்மாமாரும் சுமந்தனர்.

1973இல் இரு நிகழ்வுகள். ஆகஸ்ட் மாதத்தில் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யா திறக்கப்பட்டது. நவம்பரில் அஸீஸ் அவர்கள் மறைந்தார்கள். நளீமிய்யாவை நிறுவிய நளீம் ஹாஜியார் பாடசாலைக் கல்வியை அதிகம் பெற வாய்க்காதவர். வறுமையில் வளர்ந்து மாணிக்க வணிகத்தில் உயர்ந்தவர். தமக்குக் கிட்டாத ஒன்றைப் பிறர் பிள்ளைகளுக்குக் கிட்டச் செய்வதில் அவருக்கு ஒரு தனி வேட்கை இருந்தது. மார்க்கக் கல்வியையும் பல்கலைக்கழகக் கல்வியையும் இணைத்து, உணவும் உறைவிடமும் கொடுத்து மாணவரைப் படிக்க வைத்தார். அதற்கு முன்னரே, 1931இல், மற்றொரு மாணிக்க வணிகரான என்.டீ.எச். அப்துல் கபூர் அவர்கள் மகரகமையில் கபூரிய்யா அரபுக் கல்லூரியை நிறுவியிருந்தார். பூமிக்கடியில் இருந்து எடுத்த கற்களை இவ்வாறு மாற்றியோரும் நம்மிடையே வாழ்ந்தனர்.

வக்புச் சொத்துகளின் கதை இவ்வளவு இனிமையானதன்று. 1931ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1956இன் 51ஆம் இலக்கச் சட்டமும் அவற்றைப் பாதுகாக்கவே இயற்றப்பட்டன. வக்பு சபையும் அமைக்கப்பட்டது. ஆயினும் கடைத்தொகுதிகளும் தென்னந்தோட்டங்களும் பல ஊர்களில் பழைய வாடகைக்கே கிடக்கின்றன என்பதையும், கணக்கு வாசிக்கப்படாத நம்பிக்கையாளர் சபைகள் உண்டு என்பதையும் அறியாதார் இல்லை. உமர் (றழி) அவர்களின் நிலத்தில் மரம் நின்றது, கனி பகிரப்பட்டது. இங்கே மரம் நிற்கிறது. கனி எங்கே போகிறது என்று ஜமாஅத்தார் கேட்பதற்கு உரிமை உண்டு. கேட்பது பித்னா அல்ல.

2022இல் என்ன நடந்தது என்பதை நீங்களே கண்டீர்கள். டொலர் இல்லை, எரிபொருள் இல்லை. கடதாசி இன்மையால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. கொப்பியின் விலையைக் கேட்டு வாப்பாமார் கடை வாசலில் திகைத்து நின்றனர். காலை உணவின்றி வந்த பிள்ளைகள் ஒன்றுகூடலில் மயங்கி விழுந்ததை ஆசிரியர்கள் சொன்னார்கள். அந்த ஆண்டுகளில் பாடசாலையை விட்டுக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் வேலைக்குப் போன பையன்களில் எல்லோரும் வகுப்புக்குத் திரும்பவில்லை. உங்கள் ஊரிலே அவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவும் இல்லாதிருக்கலாம். ஆனால் பள்ளிவாசலின் மஹல்லாப் பட்டியலை எடுத்து ஒரு பின்னேரம் உட்கார்ந்தால் எண்ணி முடித்துவிடலாம்.

ஊர் ஒன்றின் பெயரைச் சொல்லாமல் ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஜும்ஆவின் பின் பள்ளிவாசலில் கூட்டம். இரண்டாவது மினாராவை எவ்வளவு உயரத்துக்குக் கட்டுவது என்பதே விடயம். நீண்ட நேரம் வாதம் நடந்தது. பெருந்தொகை ஒன்றும் அவ்விடத்திலேயே சேர்ந்தது. கூட்டம் கலைந்து நாங்கள் வெளியேறியபோது வாசலுக்கு அப்பால் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தார். மகள் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு பெற்றுத் தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தெரிவாகியிருந்தாள். முதல் வருடத்து விடுதிச் செலவுக்கும் போக்குவரத்துக்கும் வழியில்லை. பிள்ளையை அனுப்பாமலே விட்டுவிடலாமா என்று ஆலோசனை கேட்கவே வந்திருந்தார். பணம் கேட்க வரவில்லை. அதைக் கேட்கும் துணிவு அவருக்கு இல்லை. அன்று மினாராவுக்கு நானும் எனது பங்கை எழுதிக் கொடுத்திருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பேச்சைக் கேட்டு நின்றோரில் நால்வர் ஒன்றுசேர்ந்தனர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், முச்சக்கரவண்டி ஓட்டும் இளைஞர் ஒருவர், கட்டாரில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்தவர் ஒருவர். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டாம் என்று முதலிலேயே பேசி முடித்தனர். படம் எடுக்கவில்லை. மாதத் தொகையைத் தாயின் கையில் கொடுக்காமல் விடுதிக்கும் பிள்ளையின் வங்கிக் கணக்குக்குமாகச் செலுத்தினர். இது ஸதகா அல்ல, கர்ளன் ஹஸனா என்று சொன்னால் பிள்ளையின் தலை நிமிர்ந்திருக்கும் என்று சொன்னவர் அந்த முச்சக்கரவண்டி இளைஞர்தான். வட்டியில்லாத கடன், தவணை குறிக்காத கடன், முடிந்தபோது கொடு, முடியாவிட்டால் விடு. அவ்வளவே நிபந்தனை.

நான்கு ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் அது நடந்தது என்று சொல்ல முடியாது. கடைக்காரருக்கு இடையிலே வியாபாரம் படுத்தது. கட்டாரில் இருந்தவருக்கு ஒருமுறை வேலை போயிற்று. ஆசிரியர் தம் ஓய்வூதியத்தில் இருந்து அந்த மாதங்களை நிரப்பினார்.

அந்தப் பிள்ளை இன்று ஓர் ஆசிரியை. கடன் எப்போதோ அடைந்துவிட்டது. எனினும் மாதம் பிறந்ததும் அவரது சம்பளத்தில் இருந்து ஒரு சிறு தொகை அந்த நால்வரிடம் வந்து சேர்கிறது. அது எந்த வீட்டுப் பிள்ளைக்குப் போகிறது என்று அவர் கேட்பதுமில்லை, அவர்கள் சொல்வதுமில்லை.